அறுபதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் ஒரு வரம்பு வேண்டும்

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஐதராபாத்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே இரண்டு கம்ப்யூட்டர் போட்டு ஆன்லைன் வேலைகளும் செய்து கொடுக்கிறேன். கரண்ட் பில், பட்டா, பான் கார்டு, பரீட்சை விண்ணப்பம் என்று எல்லாம் வரும். சில ஆண்டுகளாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மருத்துவக் காப்பீட்டு ரினியூவல். செல்போனில் வந்த எஸ்எம்எஸ்ஸை நீட்டி, "இன்னாக்கா இது, போன வருசம் இவ்ளோ இல்லியே" என்று கேட்கிறார்கள். பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதும் பணம் கட்டிக் கொடுப்பதும்தான் என் வேலை. ஏன் கூடியது என்று சொல்ல வேண்டியது நான் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரி 30 அன்று நீங்கள் ஓர் ஆணை போட்டீர்கள். 60 வயது கடந்தவர்களின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமென்றால் நிறுவனங்கள் முதலில் உங்களைக் கலந்து பேச வேண்டும். நல்ல காரியம், அதற்கு நன்றி. அந்த வரம்பை எல்லா வயதினருக்கும் கொண்டுவாருங்கள். ஒரு குறிப்பிட்ட வயதைத் தாண்டி அடுத்த வயது அடுக்குக்கு மாறும்போது வரும் உயர்வையும் அதற்குள் அடக்குங்கள். எதற்காக எவ்வளவு உயர்ந்தது என்பதை ரினியூவல் நோட்டீஸிலேயே அச்சிடச் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். இனி எழுதப்போவதெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான காரணங்கள்.

முதலில் என் வீட்டுக் கணக்கு. எனக்கும் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர், அதாவது குடும்பத்துக்கே பொதுவான ஒரே பாலிசி இருக்கிறது. நவம்பரில் ரினியூவல். 2024 நவம்பரில் பிரீமியம் 22,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,960. மொத்தம் 25,960 கட்டினோம். அடுத்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று கவுன்சில் முடிவெடுத்தபோது, சரி, நாலாயிரம் மிச்சம், பெரியவனின் ட்யூஷன் பீஸுக்கு ஆச்சு என்று பேசிக்கொண்டோம். நவம்பரில் நோட்டீஸ் வந்தது. தொகை 26,400.

போன வருடத்தைவிட 440 ரூபாய்தான் அதிகம். இதற்காக யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள், கட்டிவிடுவார்கள். வரியைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. 22,000 ஆக இருந்த பிரீமியம் 26,400 ஆகியிருக்கிறது. 20 சதவீத உயர்வு. அரசு விட்டுக்கொடுத்த வரி எங்கள் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. இத்தனைக்கும் இந்தப் பாலிசியில் நாங்கள் இதுவரை ஒரு கிளைம்கூட எடுத்ததில்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். "ஏஜ் ஸ்லாப் மாறிடுச்சு மேடம்" என்றார் அந்தப் பெண். கணவருக்கு 46 ஆகிவிட்டதாம். ஃப்ளோட்டர் பாலிசியில் வீட்டில் மூத்தவர் வயதை வைத்துத்தான் மொத்தக் குடும்பத்துக்கும் விலை போடுகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அப்படியென்றால் அதனால் எவ்வளவு கூடியது, விலையேற்றத்தால் எவ்வளவு, ஜிஎஸ்டி போனதால் நிறுவனம் இழந்த உள்ளீட்டு வரிச் சலுகைக்காக (தன் செலவுகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை நிறுவனம் கழித்துக்கொள்ளும் வசதி) எவ்வளவு என்று கேட்டேன். சிஸ்டத்தில் அப்படிப் பிரித்துக் காட்டாது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் இருக்கும் திரையிலும் எனக்கு வந்த அதே ஒற்றை எண்தான் இருந்திருக்கும்.

அதன்பிறகு கடைக்கு வருபவர்களுக்கு இந்தக் கழித்தலைப் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். போன வருட ரசீதில் ஜிஎஸ்டி தனி வரியாக அச்சாகியிருக்கும், அதை விட்டுவிட்டு மேலே இருக்கும் தொகையைப் பாருங்கள் என்று. பார்த்தவர்கள் முகம் மாறியது. வரி விலக்கு வந்த அந்த ஒரு வருடம் உயர்வு அதன் மறைவில் போய்விட்டது. அடுத்த ரினியூவலில் மறைக்க எதுவும் மிச்சமில்லை.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கும்போது வடசென்னைக்காரர்களுக்கு எதற்குத் தனியார் பாலிசி என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டான்லியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கையில் அடிபட்டால் அங்கேயுள்ள கை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குத்தான் ஊர் ஊராக வருகிறார்கள். பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மருத்துவமனை இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள்தான். ஆனால் கூட்டம் கூட்டம்தான். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கும் நாட்களுக்கும், கூட இருப்பவர் வேலைக்குப் போகாத நாட்களுக்கும் யாரும் காசு கொடுப்பதில்லை. அதனால்தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பாலிசி எடுத்து வைக்கிறார்கள்.

யார் எடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம். எண்ணூர் நெடுஞ்சாலையில் சொந்தமாக ஒரு டிரெய்லர் வைத்து கன்டெய்னர் ஓட்டுபவர், எம்.சி. ரோட்டில் சின்னதாக ஒரு நைட்டிக் கடை போட்டிருப்பவர், வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கும் டீச்சர், இவர்கள் யாரும் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கிறது. ஆனால் அதற்கு 21,000 ரூபாய் என்ற சம்பள வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது.

மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஒரு தம்பி கடைக்கு வருவார். 21,000 சம்பளம் வாங்கிய வரை அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 158 ரூபாய். வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் குறைவு. அதற்கு மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் அம்மா வரைக்கும் அயனாவரம் ஈஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை கிடைத்தது, இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இல்லை. இன்க்ரிமென்ட் வந்து சம்பளம் 22,500 ஆனது. அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈஎஸ்ஐ நின்றுவிட்டது. இப்போது தனியார் பாலிசிக்கு அவரும் மனைவியும் குழந்தையும் அம்மாவும் என்று விலை கேட்டால் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல் சொல்கிறார்கள். அம்மாவுக்கு சுகர். "இன்க்ரிமென்ட்டே வேணாம்னு எழுதிக் கொடுத்துடலாமாக்கா" என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். ஈஎஸ்ஐ வரம்பு உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஆனால் அங்கிருந்து வெளியே தள்ளப்படுபவர்கள் வந்து விழுவது உங்கள் ஆணையம் பார்த்துக்கொள்ளும் சந்தையில்தான்.

வருமான வரியில் பிரீமியத்துக்குக் கழிவு இருக்கிறதே என்பார்கள். அது பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு. நான் சொல்லும் ஆட்களில் பலர் வரி கட்டும் அளவுக்கே சம்பாதிப்பதில்லை. அதை விடுங்கள்.

மற்ற வியாபாரத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மளிகைக் கடையில் விலை ஏற்றினால் எதிர்க்கடைக்குப் போய்விடலாம். பாலிசிதாரர் அப்படிப் போக முடியாது. போர்ட்டபிலிட்டி என்ற வசதியை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், முன்பே இருந்த நோய்களுக்குக் கிளைம் கிடைக்காத காத்திருப்புக் காலத்தில் கழித்தது வீணாகாமல் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். ஆனால் புதிய நிறுவனம் நம்மை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாற்பது வயதில், எந்த நோயும் இல்லாதபோது மாறலாம். அப்போது மாற வேண்டிய அவசியம் இருக்காது. ஐம்பதில் சுகரும் பிரஷரும் வந்து, பிரீமியமும் கழுத்தை நெரிக்கும்போது மாறப் போனால் 'வருந்துகிறோம்' என்று ஒரு மெயில் வரும். எங்கள் தெருவில் ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு அப்படித்தான் வந்தது. அந்த மெயிலையும் நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

ஆக, ஒருவர் எவ்வளவு அதிக ஆண்டுகள் ஒரு பாலிசியில் இருக்கிறாரோ அவ்வளவுக்கு அதை விட்டு விலக முடியாது. கட்டியதெல்லாம் போய்விடும் என்ற பயம் ஒருபக்கம், வேறு யாரும் சேர்க்கமாட்டார்கள் என்ற பயம் இன்னொரு பக்கம். இது நிறுவனத்துக்கும் தெரியும். விலை பேசும் இடத்தில் எங்களுக்குப் பேரமே கிடையாது. எங்கள் சார்பில் பேரம் பேச நாட்டில் இருக்கும் ஒரே இடம் நீங்கள்தான். மூத்த குடிமக்களுக்கு நீங்கள் அதைத்தான் செய்தீர்கள். அவர்களுக்குப் பொருந்தும் நியாயம் 46 வயதுக்காரருக்கும் பொருந்தும். சொல்லப்போனால் பெற்றோரின் மருந்துச் செலவையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் ஒரே சம்பளத்தில் இழுப்பது அந்த வயதில்தான். ஆணையின் ஓட்டையும் அங்கேதான் இருக்கிறது. அறுபதுக்குப் பிறகு வேகமாக ஏற்ற முடியாதென்றால் அறுபதுக்கு முன்பே ஏற்றிவிடலாம் என்று எந்த நிறுவனமும் யோசிக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அந்த 10 சதவீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்குப் பத்து என்பது கேட்க சின்னதாக இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் பத்து பத்தாக ஏறினால் ஏழெட்டு ஆண்டில் தொகை இரட்டிப்பாகிவிடும். அறுபதில் 40,000 கட்டுபவர் அறுபத்தெட்டுக்குள் 80,000 கட்டுவார். அவருடைய வருமானம் அப்படி ஏறாது. அதனால் அந்த எண்ணை ஓர் இலக்கு மாதிரி நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் உங்கள் வேலை.

நிறுவனங்களின் பக்கத்தையும் கேட்காமல் இல்லை. மருத்துவச் செலவு ஆண்டுக்கு 12 முதல் 14 சதவீதம் ஏறுகிறது என்கிறார்கள். அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டில் மருத்துவப் பிரிவின் உயர்வு 2024-ல் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. இரண்டும் வேறு வேறு விஷயத்தை அளக்கின்றன என்பது எனக்குப் புரிகிறது. குறியீட்டில் மாத்திரையும் டாக்டர் பீஸும் வரும், ரோபோ வைத்துச் செய்யும் முழங்கால் ஆபரேஷன் அந்த அளவுக்கு வராது. ஆனால் இடைவெளி மூன்று மடங்கு. அதை நீங்களாவது ஆராய்ந்து இதுதான் உண்மையான எண் என்று வெளியிடலாமே.

மருத்துவமனைகளும் யோக்கியம் இல்லை. அட்மிஷன் கவுன்டரில் உட்கார்ந்தவுடன் வரும் முதல் கேள்வி "இன்சூரன்ஸ் இருக்கா?" அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் ரூமும் ரேட்டும் முடிவாகின்றன. மருத்துவமனைகள் மாநில அரசின் சட்டத்துக்குள் வருகின்றன, தமிழ்நாட்டில் அதற்கு 1997-லேயே சட்டம் வந்துவிட்டது, கட்டணத்துக்குக் கடிவாளம் போடுவது உங்கள் கையில் இல்லை. சென்னைக் கோட்டையில் இருப்பவர்களுக்குத் தனியாக எழுத வேண்டிய மடல் அது. ஆனால் நிறுவனங்களின் சொந்தச் செலவு உங்கள் கையில்தான் இருக்கிறது.

2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த உங்கள் விதிகளின்படி, மருத்துவக் காப்பீடு மட்டுமே செய்யும் நிறுவனங்கள் வசூலாகும் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை நிர்வாகச் செலவாகக் காட்டலாம், பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 30 சதவீதம் வரை. கமிஷன், விளம்பரம், சம்பளம், அலுவலகம் எல்லாம் இதில் அடக்கம். ஏஜென்ட் கமிஷனுக்கு அதற்கு முன்பு இருந்த தனி உச்சவரம்பும் அப்போதே எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் 2023-24 ஆண்டறிக்கையைப் பார்த்தால், மருத்துவக் காப்பீடு மட்டும் செய்யும் நிறுவனங்கள் 100 ரூபாய் பிரீமியத்துக்கு 65 ரூபாய் அளவில்தான் கிளைமுக்குக் கொடுத்திருக்கின்றன. அதே ஆண்டில் அரசுத் துறை நிறுவனங்கள் 100 ரூபாய்க்கு மேலேயே கொடுத்திருக்கின்றன. அரசு நிறுவனங்களில் குரூப் பாலிசிகள் அதிகம், அதனால் அப்படி என்று விளக்கம் சொல்வார்கள். சரிதான். பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுக்கும்போது பேரம் பேசிக் குறைத்துவிடுகின்றன. பேரம் பேச ஆள் இருந்தால் விலை குறைகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எங்கள் பகுதி ஏஜென்ட்டை இதில் இழுக்க எனக்கு விருப்பமில்லை. கிளைம் நேரத்தில் ராத்திரி பத்து மணிக்கும் போன் எடுப்பவர் அவர் ஒருவர்தான். ஆனால் நூற்றில் 35 ரூபாய் நோயாளி பக்கமே போகாமல் செலவாகலாம் என்று விதியே இடம் கொடுக்கும்போது, செலவு ஏறிவிட்டது, பிரீமியத்தை ஏற்றுகிறோம் என்று சொல்வதை எப்படி அப்படியே நம்புவது? அமெரிக்காவை நான் எதற்கும் உதாரணம் காட்டுபவள் இல்லை. மருத்துவச் செலவில் அந்த ஊர் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். அங்கேகூட 2010-ல் வந்த சட்டப்படி, தனிநபர் பாலிசி பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம் சிகிச்சைக்கும் அதன் தரத்தை உயர்த்துவதற்கும் செலவாக வேண்டும், குறைந்தால் மீதியைப் பாலிசிதாரருக்குத் திருப்பித் தர வேண்டும். இங்கே அப்படி ஒரு கீழ்வரம்பு வைப்பதில் என்ன தடை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வடசென்னைக்கென்று ஒரு மனத்தாங்கலும் உண்டு. பிரீமியம் போடும்போது ஊரை வைத்து மண்டலம் பிரிக்கிறார்கள், சென்னை என்றால் மொத்தச் சென்னைக்கும் ஒரே விலை. திருவொற்றியூரில் இருப்பவரும் அடையாறில் இருப்பவரும் ஒரே தொகை கட்டுகிறோம். ஆனால் கேஷ்லெஸ் பட்டியலை, அதாவது நாம் கையிலிருந்து கட்டாமல் நிறுவனமே நேராகப் பில் கட்டும் மருத்துவமனைகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெரிய மருத்துவமனைகள் பெரும்பாலும் கிரீம்ஸ் ரோடு, வடபழனி, போரூர், பெருங்குடி. எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணலாம், மீதி எல்லாம் நர்ஸிங் ஹோம். நெஞ்சுவலி என்று ஓடும்போது கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டிப் பாரிமுனை போய்ச் சேருவதற்குள்ளேயே உயிர் போய்விடும் போலிருக்கும். பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கிடைக்கும் என்று 2024 ஜனவரியில் காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பான பொதுக் காப்பீட்டு மன்றம் அறிவித்தது. அவசரம் என்றால் அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள் சொன்னால் போதும். இதை நம்பிப் போனால் நர்ஸிங் ஹோமில், "அதெல்லாம் நமக்கு செட் ஆகாது, நீங்க கட்டிட்டு அப்புறம் கிளைம் பண்ணிக்கோங்க" என்பார்கள். காற்றுக்கும் நாங்கள்தான் வரி கட்டுகிறோம். மணலி சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூர்ச் சாம்பலும் இருக்கும் இடத்தில் இருமல் வராத பிள்ளை கிடையாது. 2023 டிசம்பரில் முதலில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது, மாதம் முடிவதற்குள் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்கள். இழுப்பு என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த பாலிசிக்கு அது 'முன்பே இருந்த நோய்'.

இவ்வளவு கட்டியும் கிளைம் என்று வரும்போது என்ன கிடைக்கிறது என்பதையும் நான் மேசை மேல் பார்க்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி, பில்லின் பிரேக்கப், மருந்து பில், லேப் ரிப்போர்ட், ஆதார், கேன்சல் செய்த செக் என்று ஒரு கட்டு ஜெராக்ஸுக்கு வரும். கொஞ்ச நாள் கழித்து செட்டில்மென்ட் கடிதத்தோடு அதே ஆள் வருவார். "எதுக்குக்கா கழிச்சிருக்கான்?" என்பார். ஒருவருக்கு 3 லட்சம் பாலிசி, ஒரு நாள் ரூம் வாடகைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 வரை. அன்றைக்கு அந்த வாடகையில் ரூம் காலி இல்லை, 4,500 ரூபாய் ரூமில் போட்டார்கள். கூடுதலான 1,500-ஐ மட்டும்தான் கழிப்பார்கள் என்று அவர் நினைத்திருந்தார். டாக்டர் பீஸ், தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டார்கள். 60,000 ரூபாய்க்கு 40,000. மருந்துக்கும் டெஸ்டுக்கும் அப்படிக் கழிக்கக் கூடாது என்று உங்கள் விதி இருப்பதால் அந்த மட்டும் தப்பித்தார். அதன்மேல் கையுறை, மாஸ்க் என்று கொடுக்கத் தேவையில்லாத 68 பொருட்களின் பட்டியல் வேறு. வருடா வருடம் பிரீமியம் ஏறுகிறது, அந்த 3,000 மட்டும் பாலிசி எடுத்த நாளிலிருந்து அசையவில்லை.

நீங்கள் நல்லது செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பை நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்தீர்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டியவரிடம், மோசடி என்று நிரூபித்தாலொழிய, அதை மறைத்தாய் இதை மறைத்தாய் என்று கிளைமை மறுக்க முடியாது என்றீர்கள். 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம் என்று கெடு வைத்தீர்கள், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகப் போடும் பில்லை நிறுவனமே கட்ட வேண்டும் என்றும் சொன்னீர்கள். இந்த மூன்று மணி நேரக் கணக்கு எங்கள் பகுதி வார்டுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. காலையில் டிஸ்சார்ஜ் என்றால் சாயந்திரம் ஆட்டோ பிடிப்பதுதான் வழக்கம். ஆனாலும் விதி இருக்கிறது, கேட்பதற்கு வாய் இருக்கிறது. பிரீமியத்தில் அந்த விதியே இல்லை என்பதுதான் என் குறை.

இந்த உரிமைகளெல்லாம் பாலிசி உயிரோடு இருப்பவருக்குத்தான். பிரீமியம் கட்ட முடியாமல் விட்டுவிட்டால் மூன்று ஆண்டுக் காத்திருப்பும் ஐந்து ஆண்டுப் பாதுகாப்பும் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்துதான். கட்ட முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதலில் 10 லட்சத்தை 5 லட்சமாகக் குறைக்கிறார்கள். அடுத்த ஆண்டு அம்மாவின் பெயரை எடுக்கிறார்கள், நோய் வரப்போவது அம்மாவுக்குத்தான் என்று தெரிந்தே. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அடிப்படைப் பாலிசியைச் சின்னதாக்கி மேலே ஒரு சூப்பர் டாப்-அப் (ஒரு வரம்பைத் தாண்டும் செலவுக்கு மட்டும் உதவும் கூடுதல் பாலிசி) போட்டுக்கொள்கிறார்கள், அது புத்திசாலித்தனம். மற்றவர்கள் சீட்டுப் பணம் எடுத்துக் கட்டுகிறார்கள். அப்புறம் ஒரு வருடம் கட்டுவதில்லை. விலகிப் போகிறவர்களில் நோய் இல்லாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். மிஞ்சுபவர்களுக்குக் கிளைம் கூடும், அதைக் காட்டி மறுபடி ஏற்றுவார்கள். இது நிறுவனங்களுக்கும் நல்லதில்லை.

நோட்டீஸ் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பிரீமிய விகிதம் மாற்றப்பட்டால் மூன்று மாதம் முன்பே தெரிவிக்கப்படும் என்று பாலிசி வாசகத்தில் ஒரு வரி இருக்கிறது. எங்களுக்கு வருவது கடைசி மாதத்தில் ஓர் எஸ்எம்எஸ். கேட்டால், விகிதம் மாறவில்லை, உங்கள் வயதுதான் மாறியது என்கிறார்கள். வயது ஒன்றும் திடீரென்று மாறுவதில்லையே. கணவருக்கு 46 எப்போது ஆகும் என்பது பாலிசி எடுத்த அன்றைக்கே அவர்களுக்குத் தெரியும். பாலிசி விற்கும்போதே 36-ல் இவ்வளவு, 41-ல் இவ்வளவு, 46-ல் இவ்வளவு, 61-ல் இவ்வளவு என்று இன்றைய விகிதத்தில் ஒரு அட்டவணையைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ரினியூவல் நோட்டீஸில் போன வருடத் தொகை, இந்த வருடத் தொகை, வயதால் எவ்வளவு, விலையேற்றத்தால் எவ்வளவு, கமிஷனும் நிர்வாகமும் எவ்வளவு என்று ஐந்து வரி போதும். வேறு நிறுவனத்துக்கு மாற விரும்புபவருக்கு அவகாசம் இருக்கும்படி இரண்டு மாதம் முன்பாவது அது வரட்டும். பாலிசியின் வாடிக்கையாளர் தகவல் தாளைக் கேட்டால் உள்ளூர் மொழியில் கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்கள். ரினியூவல் நோட்டீஸுக்கும் அதையே சொல்லுங்கள், கேட்காமலே கொடுக்கும்படி.

இதற்கெல்லாம் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்பட்ஸ்மேன்) போகலாமே என்று பதில் வரக்கூடும். அண்ணா சாலையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம் என்று கிளைம் மறுக்கப்பட்டவர்களிடம் நானே சொல்லி அனுப்புகிறேன். ஆனால் அது கிளைமுக்குச் சரி. 20 சதவீதம் ஏற்றிவிட்டார்கள் என்று போனால், விதிப்படி உங்களிடம் தாக்கல் செய்த விகிதம்தானே என்று நிறுவனம் சொல்லிவிடும். அங்கே முடிகிற வழக்கு இல்லை இது. உங்கள் மேசையில்தான் முடிய வேண்டும்.

பதிலைத் தமிழில் அனுப்பினால் கடை வாசலில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஒட்டிவைக்கிறேன். கேட்பவர்களுக்கெல்லாம் நான் கணக்குப் போட்டு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கடை வேலையைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரப் பாலிசிதாரர்,
தேரடி, திருவொற்றியூர்